மா: ஓர் எழுத்து, ஊருக்கு ஒரு பொருள்

சித்திரை பிறந்து சேலம் கடைவீதியில் மாம்பழக் கூடைகள் இறங்க ஆரம்பித்ததும் வாட்ஸ்அப்பிலும் ஒரு சரக்கு இறங்கிவிடும். வாசகம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், சாரம் இதுதான்: "சீனத்தில் மா என்றால் குதிரை. நம் திருக்குறளிலும் மா என்றால் குதிரை. இந்தியில் மா என்றால் அம்மா. ஆங்கிலேயன் சொல்லும் மேங்கோ நம் மாங்காய். அப்படியானால் உலக மொழிகளெல்லாம் எங்கிருந்து வந்தன? தமிழனாக இருந்தால் பகிரவும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், தகவல் நான்கும் சரி. கடைசிக் கேள்வியில் ஒளிந்திருக்கும் முடிவுதான் தப்பு. தகவல் பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டுப் போய்விடலாம். உண்மைகளை அடுக்கித் தப்பான முடிவுக்குக் கூட்டிப்போவதால்தான் படித்தவர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே ஒலி பல மொழிகளில் இருப்பது ஏன், எப்போது அது உறவைக் காட்டும், எப்போது காட்டாது என்று 'மா' ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்துவிடலாம். மாம்பழ ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

ரேஷன் கடை வரிசையில் "முருகன்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று பேராவது திரும்புவார்கள். மூவரும் அண்ணன் தம்பிகள் என்று யாரும் முடிவுகட்ட மாட்டோம். கடைக்காரர் அட்டையை வாங்கி அப்பா பெயரைப் பார்ப்பார். அப்பா பெயரும் ஊரும் ஒத்துப்போனால்தான் சொந்தம். இன்னொரு பக்கம், ஒரே தாத்தாவின் பேரன்கள் ஒருவர் முருகன், ஒருவர் பிரகாஷ் என்று இருப்பார்கள். பெயரில் ஒட்டே இருக்காது, ரத்தத்தில் இருக்கும்.

சொற்களும் அப்படியே. இன்று நம் காதில் விழும் ஒலி வெறும் அழைப்புப் பெயர். அந்தச் சொல் ஐந்நூறு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பதுதான் அதன் அப்பா பெயர். சொல் ஆராய்ச்சி என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் இந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வேலைதான்.

இதற்கு மலைமேலேயே ஒரு சான்று உண்டு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் பழங்குடி மக்களுக்குப் பெயர் மலையாளி. முதல்முறை ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் பெயரில் உள்ள 'மலை' பொது. மக்கள் வேறு, வரலாறு வேறு.

சேலத்துக்குள்ளேயே எத்தனை மா?

மற்ற மொழிக்குப் போகுமுன் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓரெழுத்தாக நின்று பொருள் தரும் சொற்கள் தமிழில் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அதில் மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. நெடிலில் வேறு எந்த மெய்யெழுத்துக்கும் இவ்வளவு இல்லை. அந்த ஆறிலும் அதிகச் சுமை தூக்குவது மா.

மா என்றால் மரம். மா என்றால் மாவு. மா என்றால் பெரிய. மா என்றால் விலங்கு: அரிமா, பரிமா, கைம்மா. மா என்றால் கருமை. மாயோன் என்ற பெயரில் இருப்பது அந்த நிறம். மா என்றால் இருபதில் ஒரு பங்கு. தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை 'ஒரு மா, ரெண்டு மா' என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். நம் பக்கத்தில் ஏக்கர், சென்ட் என்றே பேசிப் பழகிவிட்டதால் ஆத்தூர் விவசாயியிடம் 'எத்தனை மா வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டால் மரத்தைத்தான் எண்ணுவார்.

இவையெல்லாம் ஒரே சொல்லின் பல பொருளா, அல்லது பல சொற்கள் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றனவா? இந்தக் கேள்விக்குத் தமிழ் ஓர் அருமையான சோதனைக் கருவியைக் கையில் கொடுத்திருக்கிறது. அதற்குப் பெயர் புணர்ச்சி: இரண்டு சொற்கள் சேரும்போது நடுவில் நடக்கும் ஒலி மாற்றம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த அதே புணர்ச்சிதான்.

மாவுக்குப் பின்னால் க, ச, த, ப என்று தொடங்கும் ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்.

மரமாக இருந்தால் நடுவில் ஒரு மூக்கொலி வரும். மாங்காய், மாங்கொட்டை, மாந்தோப்பு, மாந்தளிர், மாம்பழம். மரப்பெயர்களுக்கு இப்படி மெல்லெழுத்து வருவதை நன்னூல் தனியாகவே எடுத்துச் சொல்கிறது. விளாமரத்துக் காய் விளங்காய் ஆவதும் இதே வழியில்தான்.

அரைத்த மாவாக இருந்தால் வல்லெழுத்து இரட்டிக்கும். மாக்கோலம், மாப்பொருள். சேலத்தில் கல்சட்டி செய்கிறார்களே, அந்தக் கல்லுக்கும் மாக்கல் என்றுதான் பெயர். புதுச் சட்டியை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மாவு உதிரும். அதனால்தான் அதை எண்ணெய் தடவி, கஞ்சி ஊற்றிப் பழக்கிய பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள்.

'பெரிய' என்ற பொருளில் இருந்தால் ஒன்றுமே நடக்காது. மாபெரும், மாகடல், மாதவம். சுவரொட்டியில் 'மாபெரும் பொதுக்கூட்டம்' என்று போடுவார்களே தவிர 'மாம்பெரும்' என்றோ 'மாப்பெரும்' என்றோ யாரும் போட்டதில்லை. இலக்கணம் படிக்காதவர் வாயிலும் இது பிசகாது.

அதாவது, தனியாக நிற்கும்போது மூன்றும் ஒரே முகம். அடுத்த சொல்லோடு கைகோத்தால் ஒன்று மூக்கால் பேசுகிறது, ஒன்று அழுத்துகிறது, ஒன்று சும்மா இருக்கிறது. ஒரே சொல்லாக இருந்தால் மூன்று விதமாக நடந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. இவை ஒரே உருவில் வந்து நிற்கும் வெவ்வேறு சொற்கள்.

வல்லெழுத்து வராத இடத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு எடுப்பது மாவிளக்கு. அன்றைக்கு வாசலில் கட்டுவது மாவிலை. இரண்டும் 'மாவி' என்றே தொடங்குகின்றன. முதலாவதில் வெட்ட வேண்டிய இடம் மா, விளக்கு. இரண்டாவதில் மா, இலை. இரண்டாவதில் இருக்கும் வ் இரண்டு உயிர் ஒலிகளை ஒட்டவைக்க வந்த பசை மட்டுமே. எங்கே வெட்டுவது என்று தெரியாமல் வெட்டினால் பொருள் கெட்டுவிடும். சொல்லாராய்ச்சி என்ற பெயரில் உலவும் பல பதிவுகள் கெடுவது சரியாக இந்த இடத்தில்தான்.

'பெரிய' மாவில் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. வடமொழி 'மகா' தேய்ந்தும் மா ஆகும். மகாபாவி, மாபாவி என்று இரண்டும் வழங்குகிறதே. ஆனால் சங்கப் பாடல்களில் மலைக்கும் கடலுக்கும் முன்னால் தாராளமாக வரும் மா, தமிழின் பழைய மா. இரண்டும் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்ததால் சில கூட்டுச்சொற்களில் உள்ளே இருப்பது எந்த மா என்று பிரிப்பது லேசான காரியம் அல்ல.

ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்த நம் மூக்கொலி

ஒரு மொழி இன்னொரு மொழியிடமிருந்து சொல்லை எடுத்துப் புழங்கத் தொடங்கினால் அது கடன்சொல். பெயர் கடன் என்றாலும் யாரும் திருப்பித் தருவதில்லை.

மேங்கோ அப்படிப் போன சொல்தான், சந்தேகமே வேண்டாம். வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு போர்ச்சுக்கீசியர்கள் மேற்குக் கரையில் வணிகம் செய்தார்கள். அங்கே காதில் விழுந்த மலையாள 'மாங்ஙா', நம் மாங்காயின் உடன்பிறப்பு. அதை 'மாங்கா' என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்கும், கடைசியில் 'மேங்கோ' என்று ஆங்கிலத்துக்கும் போயிற்று.

இப்போது முந்தைய பகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேங்கோவில் இருக்கும் அந்த 'ங்' எங்கிருந்து வந்தது? மரத்தின் பெயர் மா. காயின் பெயர் காய். இரண்டும் சேரும்போது மரப்பெயருக்கு வரும் மெல்லெழுத்து அது. நம் புணர்ச்சி விதி உண்டாக்கிய ஓர் ஒலியை, அது விதி என்றே தெரியாமல், லண்டன் பழக்கடைக்காரரும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இது. மார்தட்ட வேண்டுமானால் இங்கே தட்டலாம். தடயம் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் வாங்கிக்கொண்டது காயின் பெயரை. பழுத்து மணக்கும் மல்கோவாவுக்கும் இமாம்பசந்துக்கும் ஆங்கிலத்தில் பெயர் 'மாங்காய்'! கடன் வாங்கும்போது இப்படித்தான். சொல் வரும், அதன் உள்வீட்டு வேறுபாடுகள் எல்லையிலேயே நின்றுவிடும்.

சேலத்துச் சேகோவுக்கும், அதாவது ஜவ்வரிசிக்கும், இதே கதி. அது மலாய் மொழியின் 'சாகு'. அங்கே அது ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் குச்சிக்கிழங்கை (மரவள்ளிக்கிழங்கை) அரைத்து, திப்பியை ஒதுக்கி, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு எடுக்கும் மாவுக்கு அந்தப் பனையின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் கடன், பொருள் உள்ளூர்.

இந்தியில் மாம்பழத்துக்குச் சொல்லும் 'ஆம்', சமஸ்கிருத 'ஆம்ர'விலிருந்து வந்தது. அது வேறு வழி.

கன்னடக்காரர் வீட்டு மாவு

சேலத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டுமொழியாகப் புழங்குகின்றன. கன்னடம் பேசும் வீட்டில் 'மாவு' என்றால் மாமரம். 'மாவின ஹண்ணு' என்றால் மாம்பழம். இட்லிக்கு அரைக்கும் மாவுக்கு அவர்கள் சொல்வது 'ஹிட்டு'. ஆக, கன்னட மாவுக்கு ஒலியில் நெருங்கியது தமிழ் மாவு. உறவில் நெருங்கியது தமிழ் மா. ரேஷன் கடைப் பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

மரம்தான் சொந்தம் என்று எப்படித் தெரியும்? பொருள் ஒத்துப்போகிறது என்பது மட்டும் போதாது. இங்கேதான் சொல்லாராய்ச்சியின் உண்மையான இயந்திரம் இருக்கிறது.

பால் என்பது கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு. பத்து ஹத்து. பாம்பு ஹாவு. பூ ஹூவு. தமிழில் ப் தொடங்கும் இடத்தில் கன்னடத்தில் ஹ் வருகிறது. ஒன்றிரண்டு சொல்லில் என்றால் தற்செயல் எனலாம். சொல் சொல்லாக இதே மாதிரி மாறினால் அது ஒழுங்கு. பழங்கன்னடத்தில் இந்த இடங்களில் ப்தான் இருந்தது; பிறகு மொழி முழுவதும் அது ஹ் ஆனது. இரண்டு மொழிகளுக்கு நடுவே இப்படித் திரும்பத் திரும்ப வரும் மாற்றத்தை ஒலி ஒழுங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரே மூலத்திலிருந்து இரண்டு மொழிகளுக்கும் வழிவழியாக வந்த சொற்கள் உறவுச்சொற்கள். உறவுச்சொல் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமானால் இந்த ஒழுங்கில் அது உட்கார வேண்டும்.

மா உட்காருகிறதா? தமிழில் பூ, கன்னடத்தில் ஹூவு. வால் பக்கம் ஒரு 'வு' சேர்ந்திருக்கிறது. அதே கணக்கில் தமிழ் மா, கன்னடத்தில் மாவு. உட்காருகிறது.

இதில் உள்ள முரண்தான் புதிதாகக் கற்கிறவர்களுக்குக் கொஞ்சம் தலைசுற்றலைத் தரும். பாம்பும் ஹாவும் காதுக்குத் துளிகூட ஒத்துப்போகவில்லை, ஆனால் உறவு. தமிழில் இட்லிக்கு அரைக்கும் மாவும் கன்னடத்தில் மரத்தைச் சொல்லும் மாவும் அச்சு அசல் ஒன்று, ஆனால் உறவில்லை.

இதுவரை பார்த்தது: ஒரே மொழிக்குள்ளேயே பல சொற்கள் ஒரே உருவில் நிற்கலாம். சொல் கடனாகப் போகலாம். வழிவழியாக வந்த உறவாகவும் இருக்கலாம். உறவைக் காட்டுவது ஒலி ஒற்றுமை அல்ல, ஒலி ஒழுங்கு.

சீனக் குதிரை

இனி அந்தக் குதிரைக்கு வருவோம். நன்றாகச் சண்டைபோட வேண்டிய விஷயம் இதுதான்.

சீன மாண்டரின் மொழியில் ஓரசைச் சொல்லின் பொருள், அதை எந்தக் குரலேற்றத்தில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தக் குரல் ஏற்றஇறக்கத்துக்குத் தொனி என்று பெயர். மாவைச் சமமான உயர்ந்த குரலில் சொன்னால் அம்மா. கேள்வி கேட்பதுபோல் மேலே தூக்கினால் சணல் வகை நார்ச்செடி. தாழ்த்தி எடுத்தால் குதிரை. மேலிருந்து வெட்டிக் கீழே இறக்கினால் திட்டுவது. தொனியே இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டினால் நம் 'ஆ' மாதிரி, 'வந்தானா' என்பதில் வருகிற கேள்வி ஒலி. சீனக் காதுக்கு இவை ஐந்தும் வேறு வேறு ஒலிகள். நமக்கு 'கல்'லும் 'கால்'லும் வேறாகக் கேட்பதைப் போல. எனவே 'சீனத்தில் மா என்றால் குதிரை' என்று எழுதும்போதே பாதியை உதிர்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

குறளில் வருவது 814-ஆம் பாட்டு. போர்க்களத்தில் நடுவழியில் ஆளைக் கீழே தள்ளிவிட்டுப் போகும், பழக்கப்படாத குதிரையை 'கல்லாமா' என்கிறார் வள்ளுவர். குதிரைதான், மறுப்பில்லை. ஆனால் அங்கே மாவின் பொருள் விலங்கு. எந்த விலங்கு என்பதை இடம் காட்டுகிறது. யானையும் கைம்மா, சிங்கமும் அரிமா. சீனச் சொல்லோ குதிரையைத் தவிர வேறு விலங்கைக் குறிக்காது. முதல் விரிசல் இது.

அடுத்தது அப்பா பெயர். இன்றைய சீனச் சொல்லுக்குப் பழைய வடிவம் உண்டு. பழைய பாட்டுகளின் எதுகை, எழுத்துகளின் அமைப்பு, உறவு மொழிகள் எல்லாவற்றையும் வைத்து அறிஞர்கள் மீட்டெடுத்த பழஞ்சீன வடிவத்தில் ம்-க்குப் பின்னால் ஒரு ர் இருக்கிறது. ஏறத்தாழ 'ம்ரா' போல. சீனத்துக்குத் தூரத்து உறவான பர்மிய மொழியில் குதிரை இன்று 'மியின்'; ஆனால் எழுதும்போது 'ம்ரங்' என்ற எழுத்துக்கூட்டல். அந்த ர் அங்கேயும் இருக்கிறது! சீனக் குதிரையின் சொந்தக்காரர் பர்மாவில் இருக்கிறார், மதுரையில் இல்லை. பின்னோக்கிப் போகப் போகத் தமிழ் மாவும் சீன மாவும் நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன. தற்செயல் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

வியட்நாமிய மொழியில் தொனி ஆறு. மா என்பது தொனிக்குத் தக்கபடி பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று. அதில் அந்தக் குதிரை சீனத்திலிருந்து போன கடன். அன்றாடப் பேச்சில் குதிரைக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது.

தற்செயல் ஏன் இவ்வளவு மலிவு?

உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள். ம் என்பது உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலி; அது இல்லாத மொழிகள் மிகச் சில. ஆ அதைவிட எளிது. ஒரு மெய், ஓர் உயிர் என்று சேரும் எளிய அசைகள் ஒரு மொழியில் சில நூறுக்குள் அடங்கிவிடும். தமிழில் உயிர்மெய் 216 என்று குழந்தைக்கும் தெரியும். சொல்ல வேண்டிய பொருள்களோ ஆயிரக்கணக்கில். ஆக, ஏறக்குறைய எல்லா மொழியிலும் மா என்ற இருக்கை இருக்கும்; யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்தும் இருப்பார்.

உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். ஹங்கேரிய மொழியில் மா என்றால் இன்று. எஸ்தோனிய மொழியில் நான். அதையே இன்னும் நீட்டினால் நிலம். ஃபின்லாந்து மொழியிலும் அது நிலம், இவை இரண்டும் உறவு மொழிகள் என்பதால் அது தற்செயல் அல்ல. போலந்து மொழியில் 'அவரிடம் இருக்கிறது'. மாவோரி மொழியில் வெள்ளை. ஜப்பானியரிடம் இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. இவ்வளவு பெரிய கும்பலில் இரண்டு பேருக்கு ஒரே பொருள் அமையாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

சொல்லின் நீளம் இங்கே முக்கியம். 'குச்சிக்கிழங்கு' என்ற சொல் அதே பொருளில் பெரு நாட்டில் புழங்குவதாக யாராவது காட்டினால் நான் எழுந்து நின்று கேட்பேன். அவ்வளவு நீளமான ஒலித்தொடர் தானாக ஒத்துப்போக வழியில்லை. ஓரெழுத்துச் சொல் ஒத்துப்போவது சாட்சி எண்ணிக்கையிலேயே சேராது.

தேய்ந்து மாவானவை

சில மாக்கள் பிறக்கும்போது இவ்வளவு சின்னதாக இல்லை. இத்தாலிய மொழியில் மா என்றால் 'ஆனால்'. அதன் அப்பா லத்தீன் 'மகிஸ்', பொருள் 'மேலும் அதிகமாக'. ஸ்பானியத்தில் அதே சொல் 'மாஸ்' என்று நின்று இன்னும் 'அதிகம்' என்றே பொருள் தருகிறது. பேச்சில் அடிக்கடி வரும் சொல்தான் வேகமாகத் தேயும். நாள் முழுக்கச் சொல்லும் சொல்லை முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை?

பிரெஞ்சில் மா என்றால் 'என்', பெண்பாலுக்கு முன்னால் வருவது. அது லத்தீன் 'மேயா'விலிருந்து வந்தது. இந்த மா நம் ஊருக்குள் தினமும் நடமாடுகிறது, நமக்குத்தான் தெரியாது. 'மா' என்றால் என், 'தாம்' என்றால் சீமாட்டி. இரண்டும் சேர்ந்தது 'மதாம்', ஆங்கிலம் வழியாக நமக்கு 'மேடம்'. அந்தத் தாமும் லத்தீன் 'தோமினா'விலிருந்து வருகிறது. பொருள் வீட்டுத் தலைவி. ஐந்து ரோடு பக்கத்து வங்கியில் "மேடம், பாஸ்புக்ல என்ட்ரி போட்டுக் குடுங்க" என்று கேட்கும் ஒவ்வொருவரும் கவுண்டரில் இருப்பவரை 'என் இல்லத்தலைவியே' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் பாஸ்புக்கை நீட்டுகிறார்.

தேய்மானம் தமிழிலும் நம் கண்முன்னாலேயே நடக்கிறது. 'சொல்லுங்கம்மா', 'வாம்மா', 'என்னமா' என்று வாக்கியத்தின் வாலில் ஒட்டும் மா, அம்மாவின் மிச்சம். பெற்ற தாய்க்கும் அதுதான், காய்கறிக்காரருக்கும் அதுதான், பத்து வயது மகளுக்கும் அதுதான். தாய் என்ற பொருளே அதில் இப்போது இல்லை. அன்பும் மரியாதையும் கலந்த ஓர் ஒட்டு மட்டும் மீதி.

சமய வழக்கில் வரும் இரண்டு மாக்களையும் இங்கே சொல்லிவிடலாம். 'மாஷா அல்லாஹ்' என்பதில் வரும் அரபு மா, 'எது' என்ற பொருள். இறைவன் நாடியது எதுவோ அது என்பது தொடரின் கருத்து. எபிரேயத்திலும் மா என்றால் 'என்ன'; இரண்டும் ஒரே குடும்பத்து உறவுச்சொற்கள். கீதையின் கடைசி அத்தியாயத்தில் வரும் 'மா சுச' என்பதில் இருக்கும் மா 'வேண்டாம்' என்று தடுப்பது. வருந்தாதே என்று பொருள். கிரேக்க 'மே'யும் அதே வேலையைச் செய்யும், அதே மூலத்திலிருந்து வந்த உறவு.

அம்மாவை யாரும் கண்டுபிடிக்கவில்லை

வாட்ஸ்அப் பட்டியலில் மிச்சமிருப்பது அம்மா. இந்தி மா, சீன மா, வியட்நாமிய மா, தமிழ் அம்மா, ஆங்கில மாம். இவ்வளவு மொழிகளில் தாய்க்கு ம் ஒலி வருவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியதும் அல்ல. இதற்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு.

ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் மூடியிருக்கும். அப்போது அது முனகினால் ஒலி மூக்கு வழியாகத்தான் வெளியே வர முடியும். அது ம் போலக் கேட்கும். பிறகு பசித்தாலும், தூக்கச் சொன்னாலும் அதே முனகல். வாயைத் திறந்தால் ம்-உடன் ஆ சேரும். மா, மா, மா. குழந்தை யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஆனால் குனிந்து பார்க்கும் பெரியவர்கள் 'என்னைத்தான் கூப்பிடுகிறான்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லை உண்டாக்கியது குழந்தை, பொருளைப் போட்டது பெரியவர்கள். இது ஊர் ஊராக, மொழி மொழியாக, தனித்தனியே நடக்கும்.

பெரியவர்கள் போடும் பொருள் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா; அம்மாவுக்கு அங்கே 'தேதா'. நமக்கு மாமா என்றால் தாயின் சகோதரர், அத்தையின் கணவர், சில வீடுகளில் மாமனார். சீனக் குழந்தைக்கு 'மாமா' அம்மா. தமிழ்க் குழந்தை, சீனக் குழந்தை, ஜார்ஜியக் குழந்தை மூன்றையும் ஒரே அறையில் விட்டு 'மாமா எங்கே?' என்று கேட்டால் மூன்றும் மூன்று பேரைக் காட்டும்.

இந்தி மாவுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அட்டை இருக்கிறது. அது சமஸ்கிருத 'மாதா' தேய்ந்து வந்தது. லத்தீன் 'மாத்தர்', ஆங்கில 'மதர்' எல்லாம் அதன் உறவுகள். குழந்தை முனகலிலிருந்து எப்போதோ கிளம்பி, பெரியவர்களின் ஒலி ஒழுங்குக்குள் நுழைந்து பயணம் செய்த சொல் அது.

அடுத்த முறை ஒரு பதிவு வந்தால்

கேட்க வேண்டிய கேள்விகளுக்குப் பட்டம் எதுவும் வேண்டாம். அந்தச் சொல் அந்த மொழியில் பழைய காலத்தில் எப்படி இருந்தது? பொருள் உண்மையிலேயே ஒன்றா, அல்லது நாம் இழுத்துப் பிடித்து ஒன்றாக்குகிறோமா? ஒரு சொல் மட்டும் ஒத்துப்போகிறதா, பத்துச் சொற்கள் ஒரே ஒழுங்கில் வருகின்றனவா? கடன் என்றால் எந்தக் கப்பலில், எந்தக் கரைக்கு, யார் கையால் போயிற்று? மேங்கோவுக்கு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது. சீனக் குதிரைக்கு ஒரு பதில்கூடச் சாதகமாக இல்லை.

பதில் தேட நூலகம் வரை போகத் தேவையில்லை. 1924 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பரோ, எமனோ என்ற மொழியியலாளர்கள் இருவரும் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984 திருத்தப் பதிப்பும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. லெக்சிகனில் மா என்று தேடினால் எண் போட்டுத் தனித்தனிப் பதிவுகளாக வரிசை கட்டி வரும்; எந்த மா எங்கே வருகிறது, பழைய பாட்டில் எந்த இடம் சான்று என்று பக்கத்திலேயே இருக்கும். திராவிட அகராதியில் ஒவ்வொரு பதிவிலும் தமிழுக்கு அடுத்து மலையாளம், கன்னடம், தெலுங்கு, தோடா, கோண்டி என்று உறவுகள் நிற்கும். மாமரத்தின் பதிவைத் திறந்தால் கன்னடக்காரர் வீட்டு மாவும் அங்கேதான் இருக்கும்; இட்லி மாவைத் தேட வேண்டுமானால் வேறு எண்ணுக்குப் போக வேண்டும்.